முழ நீளத் துப்பாக்கியும் கயிறு படாத காளையும்

என் பணிநிறைவு விழாவில் பேசியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். நேரம் தவறாதவர், யாரிடமும் முகம் கோணாதவர் என்று. நேரம் தவறாமல் வந்தது பஸ். அதில் நான் ஏறி உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். முகம் கோணாததைப் பற்றி என் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சாப்பாடு முடிந்ததும் இளம் ஆய்வாளர்கள் சிலர் சூழ்ந்துகொண்டு, நான் சைக்கிள் பம்பை வைத்துச் செய்த ஊசித் துப்பாக்கியைப் பற்றிச் சங்க மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். துறை இப்போது வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்றை வாங்கியிருக்கிறது. நுரைப்பஞ்சு வைத்த பெட்டிக்குள், மாவட்ட அலுவலகத்துப் பீரோவில், அது பத்திரமாகத் தூங்குகிறது. வேண்டுமென்றால் எழுதிக் கேட்க வேண்டும். பதில் வருவதற்குள் மாடு தானாகவே பிழைத்துவிடும், அல்லது போய்ச் சேர்ந்துவிடும்.

நான் கால்நடை ஆய்வாளர். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாட்டை எப்படிப் பிடித்து நிறுத்தி ஊசி போடுவது என்று கரும்பலகையில் படம் வரைந்து காட்டினார்கள். படத்தில் இருந்த மாடு அசையவே இல்லை. அதை நம்பித்தான் நானும் வேலைக்கு வந்தேன். சில ஊர்கள் மாறி, தேனி தனி மாவட்டமான காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மருந்தகத்துக்கு வந்து சேர்ந்தேன். கடைசிவரை அந்தப் பள்ளத்தாக்கை விட்டு வெளியே போகவில்லை.

அங்கேதான் மலைமாட்டைப் பார்த்தேன். இறுகிய உடம்பு, விரிந்த கொம்பு, எவனையும் நம்பாத கண். பகலெல்லாம் மலையடிவாரத்தில் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் முள்வேலித் தொழுவுக்குத் திரும்பும். மேய்க்கிறவருடைய குரல் ஒன்றுக்குத்தான் அது கட்டுப்படும். கையில் ஊசியோடு வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் தொழுவுக்குள் காலை வைத்தால், வேலியையும் பிய்த்துக்கொண்டு ஓடிவிடும். கோமாரி நோய் பரவும் காலத்தில் மந்தை முழுவதற்கும் தடுப்பூசி போட்டாக வேண்டும். முதல் வருடம் பாதி மந்தைக்குப் போட்டேன். மீதிப் பாதி எனக்குப் போட்டது. மழைக்காலத்தில் இடது முழங்கால் இன்னும் அதை ஞாபகப்படுத்துகிறது.

எங்கள் மருந்தகத்து டாக்டரின் பெயர் மங்கையர்க்கரசி. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்த மாட்டார். கன்றுக்குட்டி வயிற்றுக்குள் குறுக்காகக் கிடந்தாலும் 'சீக்கிரம்' என்ற சொல் அவர் வாயில் வராது. சிவப்புப் பிளாஸ்டிக் டப்பாவில் சொந்தமாகச் சோப்பு வைத்திருப்பார். மாட்டைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். கழுவி முடிக்கும் வரை யார் என்ன சொன்னாலும் பதில் கிடையாது. நாம் ஒரு யோசனை சொன்னால் நல்லது, கெட்டது என்று சொல்ல மாட்டார். "அது நடக்கலைன்னா?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால், அதுவும் நடக்காவிட்டால் என்று கேட்பார். பதில் தீர்ந்து போகிற இடத்தில் யோசனையும் தீர்ந்து போகும். ஆரம்பத்தில் எனக்கு இது பெரிய எரிச்சலாக இருந்தது. பிறகு, வீட்டில் என் மனைவி கடைக்கு அனுப்பும்போதுகூட நானே அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

துப்பாக்கி யோசனை திராட்சைத் தோட்டத்தில் பிறந்தது. மருந்தகத்துக்குப் பின்னால் பன்னீர் திராட்சைப் பந்தல். அங்கே மருந்து அடிக்கிறவர் முதுகில் தொட்டியைச் சுமந்து, கையில் உள்ள பித்தளை விசையை அழுத்துவார். அடைபட்டிருந்த காற்று மருந்தைத் தள்ளிக்கொண்டு சீறும். தூரத்தில் இருக்கிற இலைக்கு மருந்து போகும்போது தூரத்தில் இருக்கிற மாட்டுக்கு ஏன் போகக்கூடாது என்று தோன்றியது. பழைய தெளிப்பானிலிருந்து விசையைக் கழற்றினேன். சைக்கிள் பம்பு, தண்ணீர்க் குழாய்த் துண்டு, ட்யூபின் வால்வு என்று வீட்டு முற்றமே பழைய இரும்புக் கடையானது.

குழாயைவிட அம்புதான் படுத்தியது. அம்பு என்பது வேறொன்றுமில்லை, மருந்து நிரப்பிய பிளாஸ்டிக் சிரிஞ்சு. அது போய்க் குத்தினால் மட்டும் போதாது, மருந்தைத் தானே உள்ளே செலுத்தவும் வேண்டும். யாரும் அங்கே போய்ப் பிஸ்டனை அழுத்த முடியாது அல்லவா. அதற்காகச் சிரிஞ்சின் பின்பாதியில் கொஞ்சம் காற்றை அடைத்து, ஊசித் துளையை ரப்பர் துண்டால் மூடினேன். தோலில் குத்தும்போது ரப்பர் பின்னால் நகரும், துளை திறக்கும், காற்று மருந்தைத் தள்ளும். வால்பக்கம் சிவப்புக் கம்பளி நூலில் ஒரு குஞ்சம். அம்பு நேராகப் பறக்கவும், விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்கவும் அது வேண்டும். குஞ்சம் கட்டும் வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். என் துப்பாக்கியில் குறை சொல்ல முடியாத பகுதி அதுதான்.

சோதித்துப் பார்க்க வாழைமரம். பள்ளத்தாக்கில் குலை வெட்டிய வாழைக்குப் பஞ்சமே இல்லை. வாழைத்தண்டும் மாட்டுத் தொடையும் ஒன்றல்ல. ஆனால் ஊசி அதிகம் போனதா, குறைவாகப் போனதா என்பதை வாழை உடனே காட்டிவிடும். ஊசி மட்டும் உள்ளே போய்ச் சிரிஞ்சு வெளியே நின்றால் சரி. சிரிஞ்சும் சேர்ந்து உள்ளே போனால் காற்று அதிகம். கீழே விழுந்தால் குறைவு. கட்டைவிரலால் குழாயைத் தட்டிப் பார்த்தே காற்றின் அளவைச் சொல்லும் அளவுக்கு அந்த வாழைத்தோப்பில் பழகினேன்.

முதலில் செய்தது ஆளுயரம் இருந்தது. தொழுவுக்குக் கொண்டுபோனதும் மந்தை சிதறியது. மலைமாட்டுக்குத் துப்பாக்கி தெரியாது. கம்பு நன்றாகத் தெரியும். அடுத்ததைப் பாதியாக்கினேன். அதற்கும் ஓடியது. மூன்றாவதை ஒரு முழத்துக்குள் கொண்டுவந்தேன். தோள் துண்டுக்குள் மறைந்துவிடும். தூரம் குறைந்தது உண்மை; ஆனால் பக்கத்தில் போக முடிந்தது. டாக்டரிடம் காட்டினேன். சோப்பு போட்டுக் கையைக் கழுவிவிட்டு வாங்கிப் பார்த்தார். "நல்லாருக்கு. இது வெடிச்சுட்டா?" என்றார். அவர் சொன்னபடி ஈரச்சாக்கைச் சுற்றி, சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கயிற்றால் விசையை இழுத்து, திருப்தி வரும்வரை சோதித்தோம். அந்த நாட்களில் தெருவில் எங்களைப் பார்த்தவர்கள் மருந்தகத்தில் என்னமோ சரியில்லை என்று நினைத்திருப்பார்கள்.

அதன் பிறகு மந்தைத் தடுப்பூசி சுலபமானது. கோம்பை நாயிடம் மட்டும் என் பாச்சா பலிக்கவில்லை. ஒரு தோட்டத்துக் காவல் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடப் போனேன். அம்பு தொடையில் பட்ட அதே நொடியில் திரும்பி, அதை வாயால் பிடுங்கி, குஞ்சத்தை மென்று துப்பிவிட்டு, இது யார் வேலை என்று சுற்றிலும் பார்த்தது. நான் பம்புசெட் கூரைமேல் இருந்தேன். சாயங்காலம் தோட்டக்காரர் வந்து இறக்கிவிட்டார்.

இன்னொரு முறை கம்பத்தில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்ட போலீஸ்காரர் என் பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னை அப்படியே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். மாட்டுக்கு ஊசி போடுவது என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. போட்டுக் காட்டச் சொன்னார்கள். ஸ்டேஷனில் மாட்டுக்கு எங்கே போவது? வாசலில் கட்டியிருந்த திருஷ்டிப் பூசணிக்காய்க்குப் போட்டுக் காட்டினேன். அது இன்னும் தப்பாகப் போனது. கடைசியில் டாக்டர் தன் மொபெட்டில் வந்து சேர்ந்தார். இதை வைத்து ஒரு மனுஷனைச் சுட்டால் என்ன ஆகும் என்று இன்ஸ்பெக்டர் அவரிடம் கேட்டார். டாக்டர் கொஞ்சம் யோசித்து, "அவருக்குக் கோமாரி வராது" என்றார். விட்டுவிட்டார்கள்.

இவையெல்லாம் சிரிக்கிற கதைகள். இளைஞர்கள் கேட்டது இவற்றைத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தத் துப்பாக்கி என்றால் எனக்கு ஞாபகம் வருவது வேறொன்று.

கோம்பைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊருக்குப் பொதுவாக ஒரு சாமி மந்தை உண்டு. மந்தைக்குத் தலைவனாக ஒரு காளை. ஊரார் அதை மாடு என்று சொல்ல மாட்டார்கள்; 'பெரியவர்' என்பார்கள். பெரியவர் மேல் கயிறு படக்கூடாது, கம்பு படக்கூடாது, மந்தையைக் காக்கிற மொக்கராசு வீட்டு ஆளைத் தவிர வேறு கை படக்கூடாது. மாட்டுப் பொங்கலன்று ஊர் முழுக்க வரிசையில் நின்று பெரியவருக்குக் கரும்பு கொடுக்கும். அன்றைக்கு முதல் மரியாதை மொக்கராசு வீட்டுக்கு. நான் அந்த மந்தைக்குத் தடுப்பூசி போட்ட வருடங்களில் பெரியவரை மட்டும் விட்டுவிடுவேன். அவரும் என்னை விட்டுவிடுவார்.

ஒரு நாள் காலையில் மொக்கராசு மருந்தகத்துக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசாத மனிதர். "சார், பெரியவரு கால்ல கம்பி ஏறிருச்சு. என்னையவே கிட்டச் சேக்க மாட்டேங்கிறாக" என்றார். சொல்லிவிட்டு, உட்காரச் சொன்னதற்கும் உட்காராமல் நின்றார்.

டாக்டரும் நானும் போனோம். காளை ஒரு புளியமரத்தடியில் மூன்று காலில் நின்றது. பின்னங்காலில், குளம்புக்குச் சற்று மேலே, கம்பி இறங்கியிருந்தது. தோட்டத்துக்கு வரும் காட்டுப்பன்றிக்கு யாரோ வைத்த சுருக்கு. திராட்சைப் பந்தல் கட்டும் கம்பி. இழுக்க இழுக்க இறுகி, சதைக்குள் போய், கம்பியே கண்ணுக்குத் தெரியவில்லை. புண்ணில் புழு. காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது நாற்றம் வந்தது. டாக்டர் நெடுநேரம் பார்த்தார். கம்பியை எடுக்காவிட்டால் குளம்பு கழன்றுவிடும், அதன் பிறகு காளை நிற்காது, நிற்காத காளை பிழைக்காது என்று மொக்கராசுவிடம் அவர் சொன்னபோது, நாளைக்கு வெயில் அடிக்கும் என்று சொல்வது போலத்தான் இருந்தது. மொக்கராசு அதைக் கேட்டுக்கொண்டு காளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிறு போட முடியாது. பிடிக்க முடியாது. மிச்சமிருந்தது மயக்க மருந்தும் என் துப்பாக்கியும். ஊசி தூரத்திலிருந்து போகிறது, மயங்கியதும் டாக்டர் சொல்லச் சொல்ல நீங்களே கம்பியை அறுக்கலாம், வேறு யார் கையும் பெரியவர்மேல் படாது என்று நான் மொக்கராசுவுக்கு விளக்கினேன். துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலிப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வந்தார்.

"இல்ல சார். விசைய யாரு தட்டுறாகளோ அவுக கைதான் பெரியவரு மேல படுது. நாந்தான் தட்டணும்."

டாக்டர் கேட்டார், "குறி தப்பிட்டா?"

"தப்பாம சொல்லிக் குடுக்கச் சொல்லுங்கம்மா."

அப்படித்தான் மொக்கராசு வாழைத்தோப்புக்கு வந்தார். முதல் நாள் விசையைத் தட்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். வாழையைச் சுடும்போது மூடினால் பெரியவரைச் சுடும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பெரியவரைச் சுடும்போது மூட முடியாது, அதனால் இப்போதே மூடிக்கொள்வதாகச் சொன்னார். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. ஆனால் மறுநாள் அவர் கண்ணை மூடவில்லை. வாழையில் நான் சுண்ணாம்பால் போட்ட பொட்டுக்குள்ளேயே அம்பு நின்றது. ஒவ்வொரு முறையும் செருப்பைக் கழற்றிவிட்டு, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் துப்பாக்கியைத் தொடுவார். சாமி முன்னால் நிற்கிற கட்டு அது.

மருந்தின் அளவு டாக்டருடைய வேலை. மாட்டுக்கு அந்த மருந்து கொஞ்சம் கூடினாலும் எழுந்திருக்காது. எடை தெரிய வேண்டும். தொட்டு அளக்க முடியாது. காளை தினமும் உடம்பை உரசும் புளியமரத்தில் சேறு ஒட்டியிருந்த உயரத்தை டாக்டர் தன் கைச்சாணால் அளந்தார். பக்கத்து ஓடையில் அது தண்ணீருக்கு இறங்கிய இடத்தில் குளம்புத் தடம் எவ்வளவு பதிந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தார். பிறகு சிரிஞ்சில் மருந்தை ஏற்றினார், கொஞ்சம் வெளியே தள்ளினார், இன்னும் ஒரு சொட்டு தள்ளினார்.

அதற்கு முந்தின நாளே டாக்டர் எங்களிடம் எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்திருந்தார். அம்பு தெறித்தால்? இரண்டாவது அம்பு தயார். மருந்து ஏறாவிட்டால்? காத்திருப்பது. படுக்காமல் காட்டுக்குள் போனால்? மொக்கராசுவின் மச்சான் அந்தப் பக்கம் நிற்பார். ஊரார் யாரும் வரக்கூடாது என்று மொக்கராசு கோயில் முன்னால் சொல்லியிருந்தார். மருந்து வேலை செய்ய அமைதி வேண்டும். மிரண்ட மாட்டிடம் அது பலிக்காது. எங்கள் கேள்விகள் அனைத்தும் காளையைப் பற்றியே இருந்தன.

காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட நினைத்தோம். மொக்கராசு துண்டுக்குள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு, தினமும் வெல்லம் கொடுக்கப் போகிற அதே நடையில் போனார். காளை தலையைத் தூக்கியது. அவர் நின்றார். சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. தொடையில் சிவப்புக் குஞ்சம் தொங்கியதைத்தான் பார்த்தோம். காளை துள்ளி நாலடி போய் நின்றது. மொக்கராசு திரும்பி வந்து துப்பாக்கியை என் கையில் வைத்தார்.

காத்திருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாகக் காளையின் தலை தணிந்தது. கண் செருகியது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. உடம்பு இடமும் வலமுமாக ஆடியது. இன்னும் சற்று நேரத்தில் முன்னங்காலை மடக்கிப் படுத்துவிடும். டாக்டர் சோப்பு டப்பாவைத் திறந்து மொக்கராசுவிடம் நீட்டினார்.

அப்போது திராட்சைப் பந்தலுக்குள்ளிருந்து குலவைச் சத்தம் எழுந்தது.

ஊர் வந்திருந்தது. வரக்கூடாது என்றதால் பந்தலுக்கடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்ததாகப் பிறகு சொன்னார்கள். கண் செருகுவது, வாய் வடிவது, உடம்பு ஆடுவது, இந்த மூன்றும் சேர்ந்தால் அவர்களுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். சாமி இறங்கிவிட்டது. சாமி இறங்கும்போது குலவை போடாமல் ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. ஒருவர் உறுமியையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

காளை விழித்துக்கொண்டது. பாதி மயக்கத்தில் மூன்று காலோடு ஓடி, கரை சரிந்து ஓடைக்குள் உருண்டது. டாக்டர் ஓடியதை அன்றுதான் பார்த்தேன். நாங்கள் போனபோது அது பக்கவாட்டில் கிடந்தது. கால்கள் மேட்டுப்பக்கம், தலை பள்ளத்தில், மணலில் புதைந்து. வயிறு கண்ணெதிரே உப்பியது. வாயிலிருந்து பச்சையாக இரை வழிந்தது. அப்படியே கிடந்தால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். நெஞ்சை அடியில் வைத்து உட்காரவைக்க வேண்டும், தலையைத் தூக்க வேண்டும், உடனே வேண்டும் என்றார் டாக்டர்.

மொக்கராசு கொம்பைப் பிடித்து இழுத்தார். தலைகூட அசையவில்லை. நான் குனிந்து கை கொடுத்தேன். என் கையைத் தட்டிவிட்டார். கரைமேல் ஊரார் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். நல்ல பலசாலிகள், காய்த்துப்போன கைகள், எல்லாம் நெஞ்சுக்கு நேராகக் குவிந்திருந்தன. அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வாய் கசக்கிறது. ஒரு உயிர் போகிறது, இவ்வளவு கைகள் இருக்கின்றன, ஒன்றுகூட நீளவில்லை.

டாக்டர் மணலில் மண்டியிட்டு உட்கார்ந்தார். குரல் உயரவில்லை.

"மத்தவங்க தொட்டா சாமி போயிரும். சரி மொக்கராசு. தொடலைன்னா?"

மொக்கராசு கொம்பை விட்டுவிட்டு எழுந்தார். காளையைப் பார்த்தார். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். அதைத் தலையில் சுற்றி உருமாலாகக் கட்டிக்கொண்டார். சாமி முன்னால் யாரும் தலையில் துண்டு கட்ட மாட்டார்கள். கரையில் சத்தம் நின்றது.

"நீங்க கொலவ போட்டீகள்ல, அதோட சாமி மலையேறிருச்சு. இங்கன கெடக்கிறது வெறும் மாடு. எறங்கி வந்து பிடிங்கப்பா."

பிறகு உறுமி வைத்திருந்தவர் உறுமியைக் கீழே வைத்துவிட்டு இறங்கினார். அதன் பின் மொத்தக் கூட்டமும் இறங்கியது. கயிறு வந்தது, வாழைமட்டை வந்தது, உரச்சாக்கில் மணல் அள்ளி இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார்கள். தலையை ஒரு பெண் மடியில் வாங்கிக்கொண்டாள். வயிறு மெல்லத் தணிந்தது. நான் கட்டிங் பிளேயரால் கம்பியை அறுத்தேன். டாக்டர் புழுவை ஒவ்வொன்றாக எடுத்து, கழுவி, மருந்து வைத்துக் கட்டினார். மதியத்துக்குப் பிறகு காளை எழுந்து நின்றது, கொம்பில் கயிற்றோடு.

டாக்டர் ஓடைத் தண்ணீரில் முழங்கை வரை கழுவினார். கழுவி முடித்துவிட்டு மொக்கராசுவிடம், சாமி திரும்ப இறங்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மொக்கராசுவின் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"மலையேறுனதச் சொன்னவன் நானு. எறங்குனாலும் எனக்குத்தானம்மா தெரியும்" என்றார்.

கட்டு மாற்ற நான் போய்வந்துகொண்டிருந்தேன். கம்பி எலும்புவரை இறங்கியிருந்ததால் புண் மூடுவதும் மறுபடி சீழ் வைப்பதுமாக இருந்தது. கயிறு கட்டிய காளையை மொக்கராசு பிடித்துக்கொள்வார். நான் புண்ணைக் கழுவி மருந்து வைப்பேன். முதல் சில தடவை உதைத்தது. பிறகு நான் வந்து குனிந்தாலே காலைத் தூக்கித் தரும் அளவுக்குப் பழகிவிட்டது. அதன் தொடையைத் தட்டிக்கொடுத்தால் தோல் ஒரு அலை மாதிரி நடுங்கி அடங்கும். எத்தனையோ மாடுகளைத் தொட்டிருக்கிறேன். இதைத் தொடுவது எனக்குப் பிடித்திருந்தது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம்.

ஆனால் சாமி இறங்கவில்லை. மொக்கராசுவிடம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில், இன்னும் இல்லை. தை பிறந்தது. மாட்டுப் பொங்கலன்று கரும்போடு வந்தவர்கள் கேட்டார்கள். இன்னும் இல்லை என்றார். கரும்பைத் திருப்பி எடுத்துப் போனார்கள். அந்த வருடம் முதல் மரியாதையும் அவர் வீட்டுக்கு இல்லை. திராட்சை உதிர்ந்ததற்கும் அவர்தான் காரணம் என்றார்கள். வேறு காளையைப் பெரியவராக வைக்கலாம், மந்தையை வேறு வீடு பார்க்கட்டும் என்று பேச்சு எழுந்தது. அடுத்த தையும் இப்படியே போனால் மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று. மூன்று தலைமுறையாக அவர்கள் வீடு பார்த்த மந்தை.

ஒரு நாள் கட்டு மாற்றிவிட்டுக் கை கழுவும்போது மொக்கராசுவின் மனைவி தண்ணீர் ஊற்றினாள். செம்பைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"புண்ணு ஆற இன்னும் எம்புட்டு நாளு சார் ஆகும்? கொழாயடியில எங்கூட யாரும் பேசுறதில்ல. இவுக வாயே தொறக்க மாட்டேங்கிறாக."

அவள் புண்ணைப் பற்றி ஏன் கேட்டாள் என்பது பாதி வழியில், சைக்கிளை மிதித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. சாமி இறங்கிவிட்டால் என் கை படக்கூடாது. என் கை படாவிட்டால் கட்டு மாற்ற முடியாது. கட்டு மாற்றாவிட்டால் கால் போய்விடும். இந்தக் கணக்கை மொக்கராசு ஊரிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாமியை அவர் பிடித்து வைத்திருப்பதாக ஆகிவிடும். அவர் அப்படி நினைத்தாரா, உண்மையிலேயே மலையைப் பார்த்துக் காத்திருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. டாக்டரிடம் சொன்னேன். அவர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நல்ல மருந்தாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த தைக்கு முன்னால், பனி விழத் தொடங்கிய காலத்தில் ஒரு நாள் கட்டைப் பிரித்தேன். புண் மூடி, புதுத் தோல் வந்து, அதன்மேல் பூனைமயிர் மாதிரி மெல்லிய முடி முளைத்திருந்தது. காலை அழுத்திப் பார்த்தேன். வலியில்லை. நடக்கவிட்டுப் பார்த்தேன். லேசான சாய்வு, அது கடைசிவரை இருக்கும். திரும்பி வந்து நின்ற காளையின் தொடையில் கையை வைத்துக்கொண்டு, புண் நன்றாக ஆறிவிட்டது என்று சொன்னேன்.

"இனிமே கட்டு வேணாமா சார்?"

"வேணாம்."

"மருந்து?"

"எதுவும் வேணாம்."

மொக்கராசு கொம்பிலிருந்த கயிற்றை அவிழ்த்தார். சுருட்டி வேலிக்கு வெளியே எறிந்தார். தொட்டித் தண்ணீரில் கைகால் கழுவினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தலையிலிருந்த துண்டை எடுத்து உதறி இடுப்பில் கட்டிக்கொண்டார். அதெல்லாம் முடிந்த பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் மரியாதையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"சார், கொஞ்சம் தள்ளி நின்னுக்கங்க."

என் கை இன்னும் தொடையில்தான் இருந்தது. எடுக்க மனசே வரவில்லை. எடுத்தேன். நாலடி பின்னால் போய், யோசித்து, நானும் செருப்பைக் கழற்றினேன். அந்தத் தையில் ஊர் வரிசையில் நின்று கரும்பு கொடுத்தது.

அடுத்த கோமாரித் தடுப்பூசிக்கு அந்த மந்தைக்குப் போனபோது, பையில் முழ நீளத் துப்பாக்கியை எடுத்துப் போனேன். மற்ற மாடுகளுக்கெல்லாம் போட்டு முடித்தேன். ஒன்று மட்டும் புளியமரத்தடியில், லேசாகச் சாய்ந்து, என்னை முன்பின் பார்த்ததே இல்லை என்பது போல நின்றுகொண்டிருந்தது. மொக்கராசு செருப்பைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்து, துப்பாக்கிக்காகக் கையை நீட்டினார்.